கையெழுத்துப் போடம்மா!

“கையெழுத்துப் போடம்மா! நல்ல நேரம் போய்விடப் போகிறது!”

அண்ணன் அழைக்கிறான். அதட்டி அல்ல, அன்போடுதான்! சார்பதிவாளர் அலுவலகத்தின் முன் கார் நிற்கிறது. தங்கை இறங்கி வருகிறாள். உடுத்தியிருப்பது காஞ்சிப் பட்டு; கரையிலே அன்னம், முந்தானையிலே மயில். திருமணத்தின்போது தந்தை தறிக்காரரிடம் சொல்லி நெய்வித்த சேலை. தந்தை இன்று இல்லை. அவர் விட்டுச் சென்றவை உள்ளன: கடைத்தெருவிலே கட்டடம், ஊருக்கு வெளியே நிலம், வங்கியிலே வைப்புத்தொகை, நிறுவனங்களிலே பங்கு, இரும்புப் பெட்டியிலே நகை. அவற்றிலே எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை, இனிக் கோரவும் மாட்டேன் என்று எழுதப்பட்ட பத்திரத்தில் ஒப்பமிட, அந்தத் தந்தை வாங்கித் தந்த சேலையையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் மகள்!

அந்தப் பத்திரத்தின் பெயர் என்ன தெரியுமோ? விடுதலைப் பத்திரம்! விடுதலை என்ற சொல்லுக்கு இதைவிடக் கொடிய வேலை கொடுத்தவர் யாருமில்லை. சொத்து அவளிடமிருந்து விடுதலை பெறுகிறது. அவள் பிறந்த வீட்டுக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறாள்.

“உனக்குத்தான் சீர்செனத்தி எல்லாம் செய்தாயிற்றே!” என்பது முதல் வாதம். “உன் வீட்டுக்காரருக்கு என்ன குறை?” என்பது இரண்டாவது வாதம். “நாளைக்கு உனக்கொரு துன்பம் என்றால் வந்து நிற்க ஒரு தாய்வீடு வேண்டாமா?” என்பது மூன்றாவது, அது வாதமல்ல, வாஞ்சை உடுத்திக்கொண்டு வந்த மிரட்டல். மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பெண்ணும் மூன்றாவதைக் கேட்டதும் பேனாவை எடுத்துவிடுகிறாள்.

இது நாடகக் காட்சியல்ல. காஞ்சிக்கு மட்டும் உரிய காட்சியுமல்ல. சொத்துள்ள குடும்பங்கள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் நடப்பது. அரங்கிலே ஏறவேண்டிய காட்சி இது; ஏறியதா? செல்வர் வீட்டுக்குள் விளக்கேந்திச் சென்று, இரும்புப் பெட்டி எப்படித் திறக்கிறது, யாருக்காக மூடுகிறது என்று காட்டிய எழுத்து நம்மிடம் உண்டு. அதைத் தந்தவர் இதே காஞ்சியில் 1909-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா. “ஓர் இரவு”, “வேலைக்காரி”, “ரங்கோன் ராதா” ஆகிய மூன்றும் செல்வக் குடும்பங்களின் கதைகள். அவற்றின் அடுக்குமொழியை அளந்தவர் பலர், பகுத்தறிவுக் கருத்தைப் பாராட்டியவர் பலர், பழித்தவரும் பலர். அவற்றைக் கணக்கேடாகப் புரட்டிப் பார்த்தவர் குறைவு. பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவர் எழுதிய கதைகளைப் பொருளாதாரக் கண்கொண்டு பார்ப்பதிலே தவறென்ன?

பார்ப்போம். பாராட்டவேண்டியதைப் பாராட்டுவோம். போதாது என்று பட்டதைப் போதாது என்றும் சொல்வோம்.

*

கதைக்குள் நுழையுமுன் காஞ்சியின் மெய்க்கதை ஒன்று.

1754-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தார் பச்சையப்ப முதலியார். பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர். வறுமை துரத்தச் சென்னைப் பக்கம் சென்ற குடும்பம். கணக்குக் கற்றார், வெள்ளையருக்கும் நாட்டாருக்கும் இடையே நின்று வாணிபம் முடிக்கும் துபாஷியானார், பெரும்பொருள் ஈட்டினார். 1794 மார்ச்சு 22-இல் உயில் எழுதினார். அதே மாதம் 31-இல் திருவையாற்றில் மறைந்தார். நாற்பது வயது. ஆண் வாரிசு இல்லை.

உயில் இருந்தது, ஆயினும் அமைதி இருந்ததா? உறவினருக்குள் பூசல், பொறுப்பேற்றோர் மீது வழக்கு, வழக்கின்மேல் வழக்கு! அறத்துக்கென எழுதப்பட்ட பொருள் ஆண்டுக்கணக்கில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் அக்கறை எடுத்துக்கொள்ள, சென்னை சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் உரியது போக எஞ்சிய பொருளைக் கல்விக்குத் திருப்பியது. 1842-இல் பள்ளி பிறந்தது. அது வளர்ந்து பச்சையப்பன் கல்லூரியாயிற்று. எழுதியவர் இறந்து நாற்பத்தெட்டாவது ஆண்டில்தான் அவர் பொருள் ஒரு மாணவனின் கையில் புத்தகமாயிற்று!

அந்த அறத்தின் பள்ளியில், காஞ்சியில், படித்த சிறுவர்களில் ஒருவர்தான் அண்ணாதுரை. சென்னையில் அவர் பட்டம் பெற்றதும் பச்சையப்பன் கல்லூரியில்தான். ஒரு செல்வரின் இரும்புப் பெட்டி குடும்பத்தின் பிடியிலிருந்து நழுவி ஊருக்குச் சேர்ந்ததால், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை பொருளாதாரம் படித்தார். படித்ததைக்கொண்டு செல்வர் வீடுகளையே ஆராய்ந்தார். பணத்துக்கு இதைவிட நல்ல கதி வேறென்ன கிடைக்கும்? ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தப் பணம் கல்வியாக மாறியது உறவினரின் பெருந்தன்மையால் அல்ல. ஏடு இருந்ததால், வழக்கு நடந்ததால், மன்றம் கணக்குக் கேட்டதால். நல்லெண்ணம் இருந்தது 1794-இலேயே. நடைமுறை வந்ததுதான் பின்னால்!

நல்லெண்ணம் வேறு, கணக்கு வேறு. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று கதைகளுக்குள் செல்வோம்.

*

செல்வர் வீட்டுக்குள் பணம் வரும் வழி மூன்று. கடன் கொடுத்து வரும், வாரிசாக வரும், மணம் முடித்து வரும். அண்ணா மூன்று வழிகளுக்கும் ஒவ்வொரு கதை எழுதியிருக்கிறார் என்பது தற்செயலாக இருக்கலாம்; ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே வீட்டின் மூன்று அறைகளைப் போலத் தோன்றுகிறது.

“வேலைக்காரி” கடனின் கதை. 1946-இல் கே. ஆர். இராமசாமியின் குழுவினரால் அரங்கேறி, 1949-இல் படமாகி நாடெங்கும் பேசப்பட்டது. வேதாசல முதலியார் பக்திமான், பணக்காரர், கடன் கொடுப்பவர். கடனைத் தீர்க்க முடியாத சுந்தரம் தூக்கிட்டு மாள்கிறார். மகன் ஆனந்தன் பழிவாங்கத் துடிக்கிறான். இறந்துபோன பரமானந்தன் என்னும் செல்வனின் பெயரைத் தாங்கி, சீமான் வேடத்தில் வேதாசலத்தின் வீட்டுக்கே மருமகனாக வருகிறான். நேற்றுவரை வாசலில் நிறுத்தப்பட்டவன், பெயர் மாறியதும் வரவேற்பறையில் அமர்கிறான். ஆள் அவனே, முகம் அவனே. மாறியது சொத்துக் கணக்கு மட்டுமே! மனிதனுக்கு மரியாதையா, மடியிலிருக்கும் பணத்துக்கு மரியாதையா என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாகக் கேட்ட தமிழ் நாடகம் அரிது.

“ஓர் இரவு” வாரிசின் கதை. கருணாகரத் தேவர் ஊர் மதிக்கும் செல்வர். அவர் மகள் சுசீலா மருத்துவர் சேகரைக் காதலிக்கிறாள். ஜெகவீரன் என்பவன் பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டி மிரட்டி, அவளைத் தனக்கு மணமுடிக்கக் கேட்கிறான். அந்த இரவிலே அந்த வீட்டுக்குள் திருட நுழைகிறான் இரத்தினம். யார் அவன்? தேவர் கைவிட்ட சொர்ணத்தின் வயிற்றிலே பிறந்த அவருடைய சொந்த மகன்! வாரிசாக வாசல் வழி வந்திருக்க வேண்டியவன், திருடனாகச் சுவரேறி வருகிறான். ஏட்டில் எழுதாமல் விட்ட கடன் இருட்டில் வந்து கதவைத் தட்டுகிறது. இந்நாடகத்தைக் கண்ட கல்கி, பெர்னாட்ஷாவையும் இப்சனையும் நினைவூட்டிப் பாராட்டினார் என்பது நாடறிந்த செய்தி.

“ரங்கோன் ராதா” மணத்தின் கதை. “திராவிட நாடு” ஏட்டில் தொடராக வந்த புதினம். 1956-இல் கலைஞர் கருணாநிதியின் திரைக்கதையோடு, ஏ. காசிலிங்கம் இயக்கத்தில், சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்துப் படமாக வந்தது. மூன்றிலும் இதுவே ஆழமானது என்பது என் துணிபு. கோட்டையூர் தர்மலிங்க முதலியார் மணந்தது ரங்கத்தை. அவள் தங்கை தங்கம் வேறு வீட்டுக்குப் போனால் மாமனாரின் சொத்திலே ஒரு பாதியும் அவளோடு போய்விடும்! போகலாமா? கூடாது. ஆகவே தங்கத்தையும் தானே மணக்க வேண்டும். மனைவி நலமாக இருக்கையில் மறுமணத்துக்கு ஊர் ஒப்புமா? ஒப்பாது. ஆகவே அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது, பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரை நம்பவைக்க வேண்டும்!

கவனித்தீர்களா? தங்கத்தின்மேல் அவனுக்குக் காதலும் இல்லை. ரங்கத்தின்மேல் பகையும் இல்லை. அவன் செய்வது முதலீடு! இரண்டு பெண்கள் அவனுக்கு இரண்டு பத்திரங்கள். ஒன்று கையில் இருக்கிறது. மற்றொன்று வெளியே போகவிருக்கிறது. அதைத் தடுக்க முதல் பத்திரத்தைக் கிழிக்கவும் தயங்கவில்லை. மனைவியைப் பித்தி என்று அவளே நம்பும்படிச் செய்து, அவள் வீட்டில் மறைந்திருக்கும் நகைகளைத் தேடும் கணவனின் கதையை “கேஸ்லைட்” என்ற ஆங்கில நாடகமாக 1938-இல் பாட்ரிக் ஹாமில்ட்டன் எழுதினார். 1944-இல் இங்க்ரிட் பெர்க்மன் நடிக்க அது அமெரிக்கப் படமாயிற்று. ஒருவரின் அறிவின்மேல் அவருக்கே ஐயம் வரச் செய்யும் கொடுமைக்கு, அந்த நாடகத்தின் பெயரே இன்று உலகெங்கும் வழங்கும் சொல்லாகிவிட்டது. அங்கே கணவன் தேடியது மறைந்த நகைகளை. இங்கே தேடியது மைத்துனியின் பங்கை. அங்கே விளக்கு மங்குகிறது. இங்கே பேயோட்டி வருகிறான். மூடநம்பிக்கை சும்மா இருப்பதில்லை, அது யாருக்கோ வட்டி ஈட்டித் தருகிறது என்று காட்டியதுதான் அண்ணாவின் தனிச்சிறப்பு. பேயை நம்பாதே என்று சொன்ன எழுத்தாளர் பலர். பேய் யாருடைய கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்று கேட்டவர் அவர்.

*

இனிக் குறைகளைக் கூறுவோம். பெரியோரைப் போற்றும் வழிகளிலே அவர்தம் எழுத்தை ஒழுங்காகப் படிப்பதும் ஒன்று.

முதல் குறை, சரசா. வேதாசலத்தின்மேல் பழிதீர்க்க ஆனந்தன் எடுத்த கருவி அவருடைய மகள். அவளை மணக்கிறான், மணந்து வாட்டுகிறான், அதைக் கண்டு தந்தை துடிக்க வேண்டும் என்பதற்காக! அவள் செருக்குள்ளவள்தான், ஆயினும் சுந்தரத்துக்குக் கடன் கொடுத்தவள் அவளா? கடன் பத்திரத்தில் அவள் கையெழுத்து உண்டா? தந்தையின் கடனுக்கு மகள் அடகு! கொடுமைக்கார முதலியார் கையாண்ட கணக்கும் கொடுமையை எதிர்க்க வந்த வீரன் கையாண்ட கணக்கும் இந்த ஓர் இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. கைதட்டிய கூட்டம் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி நாடகமும் நின்று சொல்லவில்லை.

இரண்டாவது, அமிர்தம். வேலைக்காரியான அவளை வேதாசலத்தின் மகன் மூர்த்தி காதலிக்கிறான். தந்தை மறுக்கிறார். தீயிலே மாண்டுவிட்டாள் என்று எண்ணப்பட்ட அவள், செல்வர் ஒருவரின் வளர்ப்பு மகள் சுந்தரியாகத் திரும்பி வருகிறாள், மணமும் நடக்கிறது. பணக்காரன் மகள் என்று எண்ணி ஒப்புக்கொண்ட வேதாசலத்தின் முகத்தில் அறைந்தது போன்ற முடிவு, ஐயமில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: அமிர்தம் அமிர்தமாகவே அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடிந்ததா? அதற்கும் ஒரு பணக்காரத் தந்தை தேவைப்பட்டார் அல்லவா? வேலைக்காரியின் பெயரைத் தலைப்பாகத் தாங்கிய நாடகத்திலேயே, வேலைக்காரி வேலைக்காரியாக வெற்றிபெற வழி பிறக்கவில்லை.

மூன்றாவது, சொர்ணம். “ஓர் இரவு” முழுதும் அவளுடைய துயரத்தின்மேல் கட்டப்பட்ட மாளிகை. ஆனால் அந்த இரவிலே பேசுகிறவர்கள் தேவரும் ஜெகவீரனும் இரத்தினமும். அவளோ புகைப்படத்தில் இருக்கிறாள். கைவிடப்பட்டவளின் வழக்கு அவள் இல்லாமலே விசாரிக்கப்படுகிறது. தந்தையும் மகனும் அறிந்துகொள்வதில் தீர்ப்பு முடிகிறது.

நான்காவது குறை மூன்றுக்கும் பொது. மூன்று கதைகளும் கொடியவனைக் காட்டுகின்றன. அவன் மனம் மாற வேண்டும், அல்லது முகமூடி கிழிய வேண்டும். அத்தோடு திரை விழுகிறது. தர்மலிங்கம் அரக்கன். ஆகவே அரங்கிலிருந்து வீடு திரும்பும் அண்ணன், “நான் என் தங்கையைப் பேய் பிடித்தவள் என்றேனா? அவளுக்கு அறுபது பவுன் போட்டேனே!” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறான். மறுவாரம் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் வாங்குகிறான்! தர்மலிங்கம் சூழ்ச்சியால் செய்ததை, இவன் சோற்றுக்கை நீட்டிச் செய்கிறான். அரக்கனைக் காட்டும் நாடகம் நல்லவனைத் தப்பவிட்டுவிடுகிறது.

இப்சனின் பெயரைக் கல்கி எடுத்தாரென்றால், நாமும் இப்சனிடம் ஒரு முறை செல்வோம். 1879-இல் வந்த “பொம்மை வீடு” நாடகத்தில் நோரா செய்த குற்றம் என்ன? நோயுற்ற கணவனைக் காப்பாற்றக் கடன் வாங்கத் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டாள். கணவனின் ஒப்புதலின்றிப் பெண் கடன் வாங்க முடியாத நாடு அது. கணவன் அரக்கனல்ல, அன்பன், வங்கி மேலாளன், ஊரார் மெச்சும் ஒழுக்கசீலன். அந்த நல்லவனைத்தான் இப்சன் கூண்டில் ஏற்றினார். நோரா கதவைத் திறந்துகொண்டு வெளியேறுகிறாள், யாரும் துரத்தவில்லை. நம் ரங்கமும் வெளியேறி ரங்கூன் சேர்கிறாள், ஆனால் துரத்தப்பட்டு!

இந்தக் குறைகளுக்கு ஒரு விடையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த நாடகங்கள் நூலகத்து நாற்காலிக்காக எழுதப்பட்டவை அல்ல. அதுவரை அரங்கிலே பெரும்பாலும் அரசனையும் ஆண்டவனையும் கண்ட மக்களுக்கு, அடுத்த தெருப் பணக்காரனைக் காட்டிய நாடகங்கள் அவை. கொடுமையைக் கொடுமை என்று முதலில் காட்டியாக வேண்டும். நல்லவனின் கொடுமையைக் காட்டுவது அடுத்த கட்டம். அடுத்த கட்டத்தை அடுத்து வந்தவர்கள் எழுதினார்களா என்பதே நம் கேள்வி. அரங்கிலே போதிய அளவு எழுதவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்திலே எழுதப்பட்டது!

*

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று அதைக் கேட்டு நகைத்தவர் உண்டு. 1937-இல் வந்த சட்டம் கைம்பெண்ணுக்குப் பங்கு தந்தது. ஆனால் அவள் ஆயுள்வரை அனுபவிக்க மட்டும்! விற்கவும் எழுதிவைக்கவும் முழு உரிமை இல்லை. 1956-இல், “ரங்கோன் ராதா” திரைக்கு வந்த அதே ஆண்டில், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பெண்ணின் சொத்து பெண்ணுக்கே முழு உரிமை என்றது. ஆயினும் கூட்டுக்குடும்பச் சொத்திலே பிறப்புரிமை மகனுக்கே. தந்தையின் பங்கு என்று ஒன்று கணக்கிடப்பட்டால் அதில் மட்டுமே மகளுக்குத் துண்டு! பிறந்த வீட்டைப் பிரித்துத் தரும்படி கேட்கவும் முடியாது. ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சொர்ணத்தின் வழக்கும் மன்றம் ஏறியது. 1953-இல் ஒரு செல்வக் குடும்பத்தின் சொத்து வழக்கில், சடங்கின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மணந்து வாழ்ந்தவள் மனைவியல்ல என்றாயிற்று! புரோகிதர் வராததால் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை வராமல் போவதா? அந்தக் கேள்விக்கு, முதலமைச்சரான பின் 1967-இல் அண்ணாவே சட்டத்தால் விடை எழுதினார். “ஓர் இரவு” எழுதிய கை சுயமரியாதைத் திருமணச் சட்டத்தையும் கொண்டுவந்தது. நாடகத்தில் விட்ட இடத்தை ஆட்சியில் நிரப்பினார் என்று சொன்னால் மிகையாகாது.

ரங்கத்துக்கும் தங்கத்துக்கும் விடை இன்னும் பிந்தி வந்தது. 1989-இல் தமிழ்நாட்டில், கலைஞரின் ஆட்சியில், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பிறப்புரிமை தரும் திருத்தம் வந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச்சு 25-க்கு முன் மணமாகிவிட்டவர்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுமைக்கும் அவ்வுரிமை வந்தது. மணமானவள், மணமாகாதவள் என்ற வேறுபாடு நீங்கியது. வீட்டைப் பிரித்துக் கேட்கக்கூடாது என்ற தடையும் அகன்றது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தை 2020-இல் உச்சநீதிமன்றம் தீர்த்துவைத்தது: வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது! மூத்த மகள் கூட்டுக்குடும்பத்தின் கர்த்தாவாகவும் இருக்கலாம் என்று 2015-இல் டெல்லி உயர்நீதிமன்றம் கூறியது. தீர்மானத்திலிருந்து முழுச் சட்டம்வரை எழுபத்தாறு ஆண்டுகள்! பச்சையப்பர் பணம் பள்ளிக்கூடமாக ஆன காலத்தைவிட நீண்ட காலம்.

சட்டம் வந்துவிட்டது, பின் ஏன் அந்தக் கார் சார்பதிவாளர் அலுவலகத்தின் முன் நிற்கிறது? சட்டம் கொடுத்ததைத்தான் வாங்கிக்கொள்ளப் பத்திரம் எழுதுகிறார்கள். உரிமை இல்லாதவளிடம் விடுதலை எழுதி வாங்குவானேன்? அவளுக்கு உரிமை உண்டு என்பதற்கு அந்தப் பத்திரமே சான்று! வேறு சந்துகளும் உண்டு. தானே தேடிய சொத்தைத் தந்தை உயில் எழுதி மகனுக்கே தரலாம், சட்டம் தடுக்காது. வங்கிக் கணக்கிலும் பங்குகளிலும் மகனை நாமினியாகப் போட்டுவிட்டு, அதுவே உரிமை என்று சொல்லி வாயடைப்பாரும் உண்டு. நாமினி என்பவர் வாங்கி வைக்கும் ஆளே தவிர வாரிசுகளின் உரிமையை விழுங்கும் ஆளல்லர் என்று 2023-இல் உச்சநீதிமன்றம் பங்குகளைப் பொறுத்தும் உறுதி செய்துள்ளது. எத்தனை தங்கைகளுக்கு இது தெரியும்? தெரியாமல் இருப்பதுதான் அந்த வீடுகளின் நிர்வாகமே!

*

“பெண்ணுக்குப் பங்கு கொடுத்தால் குடும்பம் உடையும், தொழில் சிதறும்” என்பார் செல்வர். காஞ்சியில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? இங்கே கோர்வைச் சேலை எப்படி நெய்யப்படுகிறது? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கின்றன. தனித்தனி என்பதால் கிழிகிறதா? கவ்விப் பிடிப்பதால் உறுதி! ஒன்றின் நூலை மற்றொன்று உருவிக்கொண்டால்தான் சேலை பாழாகும். உடையும் குடும்பங்கள் கணக்குக் காட்டியதால் உடைந்தவை அல்ல. கணக்கை மறைத்ததால் உடைந்தவை.

“இது பணக்காரர் வீட்டுச் சண்டை, உழைப்பவனுக்கு இதில் என்ன?” என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். 2008-இல் வந்த “காஞ்சீவரம்” படத்தைப் பாருங்கள். பிரியதர்ஷன் இயக்கி, பிரகாஷ்ராஜ் நடித்தது. நெசவாளி வேங்கடம் ஊரார் திருமணங்களுக்கெல்லாம் பட்டு நெய்கிறான். தன் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை நெய்ய, முதலாளியின் நூலை வாயிலே ஒளித்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது! நெய்தவனுக்குச் சேலையில்லை, பெற்றெடுத்த வீட்டிலே மகளுக்குப் பங்கில்லை. இரண்டும் ஒரே ஏட்டின் இரண்டு பக்கங்கள். கூடப்பிறந்தவளிடமே கணக்கை மறைக்கப் பழகிய கை, தறிக்காரனிடம் கூலிக் கணக்கைத் திறந்து காட்டுமா? வீட்டிலே பழகிய பழக்கம் கடையிலே தொடர்கிறது. வேதாசலத்தின் கடன் ஏடும் தர்மலிங்கத்தின் மணவோலையும் ஒரே மையால் எழுதப்பட்டவை என்பதை அண்ணா காட்டினார். அதுதான் அந்தக் கதைகளின் அழியாத பகுதி.

ஆகவே இன்றைய எழுத்தாளருக்கு ஒரு வேண்டுகோள். நான்காவது நாடகத்தை எழுதுங்கள். அதிலே அரக்கன் வேண்டாம். பேயோட்டி வேண்டாம். வேடம் மாறும் வீரனும் வேண்டாம். நல்ல அண்ணன் ஒருவன் போதும். படித்த தங்கை ஒருத்தி போதும். அம்மா ஒரு மூலையில் அமர்ந்திருக்கட்டும். அவளுக்கும் ஒரு பங்கு உண்டென்று அவளுக்கே யாரும் சொல்லவில்லை என்பது இரண்டாம் காட்சியில் வெளிவரட்டும். மேசைமேல் பத்திரம். அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டுகிறான்.

“கையெழுத்துப் போடம்மா!”

அவள் பேனாவை வாங்குகிறாள், மூடிவைக்கிறாள். குரலை உயர்த்தவில்லை, உறவை முறிக்கவும் இல்லை.

“ஏட்டைக் கொண்டுவா அண்ணா. அம்மாவும் நானும் படித்துவிட்டுச் சொல்கிறோம்.”

அங்கே திரை விழ வேண்டாம். அங்கேதான் திரை எழ வேண்டும்!